கணினித் திரையும் கண்ணிலார் கல்வியும்

யாழ்ப்பாணம் என்னும் பெயர் வந்த வரலாற்றை யாழ்ப்பாண வைபவமாலை ஒரு கதையாகக் கூறும். சோழநாட்டிலிருந்து வந்த யாழ்பாடி ஒருவன் அரசனைப் பாடிப் பரிசில் பெற்றான். பரிசிலாகக் கிடைத்தது வடபாற் கிடந்த மணற்றிடல். அத்திடலே பின்னர் யாழ்ப்பாணம் எனப் பெயர் கொண்டது என்பது அக்கதை. அந்த யாழ்பாடி கண்பார்வை அற்றவன். வரலாற்றாசிரியர் இதனை அவ்வாறே ஏற்பதில்லை; ஏற்க வேண்டிய தேவையும் இல்லை. ஆயினும், ஓர் ஊரின் பெயரையே கண்ணிலாப் பாணன் ஒருவனோடு பொருத்திச் சொல்ல அக்காலத்தார் கூசவில்லை என்பது கருதத்தக்கது. அந்தகக்கவி வீரராகவ முதலியார் கண்ணின்றியே உலாவும் கலம்பகமும் பாடினார். இரட்டைப்புலவர் இருவருள் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர் என்பது வழிவழி வந்த செய்தி.

இவர்கள் எவ்வாறு கற்றனர்? அக்காலக் கல்வி காதின் வழியே சென்ற கல்வி. ஏடு அரிது, ஆசிரியர் சொல்ல மாணாக்கன் கேட்டு மனத்தில் இருத்தினான். திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்று ஓர் அதிகாரத்தை வைத்திருப்பதும் அந்த வழக்கை நினைந்தே போலும். திண்ணைப் பள்ளியிலே கண்ணுள்ள மாணவனுக்கும் கண்ணில்லாத மாணவனுக்கும் இடையே இருந்த தூரம் அத்துணைப் பெரிதன்று.

அச்சு இயந்திரம் வந்த பின்னரே அந்தத் தூரம் பெருகிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நூல்கள் மலிந்தன; பாடநூலும் வினாத்தாளும் அரசாங்க அறிவித்தலும் அச்சேறின. கல்வி காதை விட்டுக் கண்ணைப் பற்றிக்கொண்டது. பலருக்கு அது பெரும் விடுதலை. கண்ணிலார்க்கோ வாயில் அடைபட்டது.

அவ்வாயிலைத் திறப்பதற்கு முதலில் வழி கண்டவர் லூயி பிரெயில் என்னும் பிரெஞ்சுக்காரர். 1809இல் பிறந்த அவர், சேணம் தைக்கும் தந்தையாரின் பட்டறையிலே கூரிய கருவி பட்டு மூன்று வயதிற் கண்ணிழந்தார். பதினைந்து வயதிலே, அதாவது 1824இல், ஆறு புள்ளிகளைக் கொண்டு எழுத்தெல்லாம் அமைக்கும் முறையை வகுத்தார். விரல் நுனியே அங்குக் கண். இலங்கையிலே செவிப்புலன், விழிப்புலன் அற்ற பிள்ளைகளுக்கான பாடசாலை 1912இல் ஆரம்பமாயிற்று. 1951இல் பெய்ரூத்து நகரிலே யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டின் வழியாக இந்திய மொழிகளுக்கும் இலங்கை மொழிகளுக்கும் பொதுவான பிரெயில் ஒழுங்கு உருவாயிற்று. அதன் அடிப்படை ஒலி. ஆங்கிலத்திலே கே என்னும் எழுத்துக்குரிய இரண்டு புள்ளிகளே தமிழ்க் ககரத்துக்கும் சிங்களக் ககரத்துக்கும் உரியன. கண்ணாற் காண்போர்க்கு மூன்று வெவ்வேறு வடிவங்கள். விரலாற் படிப்போர்க்கு ஒன்றே. மொழிகளைப் பற்றிச் சண்டையிடுவோர் ஒருமுறை இப்புள்ளிகளைத் தடவிப் பார்க்கலாம்.

ஆனால் பிரெயில் நூல் பருமன் மிக்கது. கையடக்கமான ஒரு பாடநூல் தடித்த தாளிலே பல தொகுதிகளாகப் பெருகும். அச்சிடச் செலவு, அனுப்பச் செலவு, வைக்க இடமில்லை. எனவே பிரெயில் கற்ற பிள்ளைக்கும் படிக்க நூல் கிடைப்பது அரிதாகவே இருந்தது. ஆண்டுதோறும் பாடத்திட்டம் மாறும் காலத்திலே, மாறிய நூல் புள்ளியெழுத்தில் வந்து சேர்வதற்குள் பரீட்சையே வந்துவிடும்.

இந்நிலையிற்றான் கணினி வந்தது. அது கல்வியைக் கண்ணிடமிருந்து மீட்டு மறுபடியும் காதுக்குக் கொடுக்க வல்லது. திரைவாசிப்பான் எனப்படும் மென்பொருள், திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கிச் சொல்லும். புள்ளிகள் எழுந்து தாழும் சிறு பலகையை இணைத்தால் அதனையே பிரெயிலாகவும் தரும். ஒரு காலத்தில் இத்தகைய மென்பொருள்கள் சாதாரண மனிதன் வாங்க இயலாத விலையில் விற்கப்பட்டன. 2006இல் அவுஸ்திரேலியாவிலே மைக்கேல் கரன் என்னும் விழிப்புலனற்ற இளைஞர், எவரும் இலவசமாகப் பயன்படுத்தத்தக்க திரைவாசிப்பான் ஒன்றை எழுதத் தொடங்கினார். அவரைப் போன்றே பார்வையற்றவரான ஜேம்ஸ் தே என்னும் நண்பரும் உடன் சேர்ந்தார். என்.வி.டி.ஏ. என்னும் அம்மென்பொருள் இன்று உலகெங்கும் பயன்படுகின்றது, தமிழும் வாசிக்கின்றது. கைத்தொலைபேசிகளிலோ திரைவாசிப்பான் வாங்கும்போதே உள்ளடங்கி வருகின்றது. ஆகவே கருவி இல்லை என்ற குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது. இன்றைய குறை வேறிடத்தில் இருக்கின்றது.

அதனை விளங்கிக்கொள்வதற்கு ஓர் உண்மையை அறிந்துகொள்ளல் வேண்டும். திரைவாசிப்பானுக்குக் கண் கிடையாது. மனிதன் காணும் எழுத்தின் வடிவத்தை அது காண்பதில்லை. அவ்வடிவத்தின் பின்னே கணினி சேமித்து வைத்திருக்கும் இலக்கத்தையே அது படிக்கின்றது. இன்ன இலக்கம் இன்ன எழுத்து என்று உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஏற்பாட்டுக்கு ஒருங்குறி என்று பெயர். அதன் முதற் பதிப்பு 1991இல் வெளிவந்தது. தமிழுக்கும் அதில் இடம் உண்டு. ஒருங்குறியிலே ககரத்தின் இலக்கம் 2965. கொழும்பிலே தட்டச்சிட்டாலும் ரொறன்ரோவிலே தட்டச்சிட்டாலும் அது 2965தான். எனவே திரைவாசிப்பான் ஐயமின்றிக் “க” என்று சொல்லும்.

ஒருங்குறி பரவுமுன் தமிழைக் கணினியில் ஏற்றியவர்கள் வேறொரு வழியை மேற்கொண்டனர். ஆங்கில எழுத்துக்களின் இலக்கங்களை அப்படியே விட்டு, அவற்றின் மேலே தமிழ் வடிவங்களைப் போர்த்தனர். இலங்கையிலே பெருவழக்கான பாமினி எழுத்துரு இவ்வகையைச் சேர்ந்தது. பாமினியிலே “தமிழ்” என்று தட்டச்சிடும்போது கணினியின் உள்ளே பதிவாவன ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. திரையிலே தமிழ் தெரிகின்றது. தாளிலே தமிழ் அச்சாகின்றது. உள்ளே தமிழ் இல்லை. “கலை” என்னும் சொல் உள்ளே எஃப், ஐ, வை என்று கிடக்கின்றது. ஐகாரக் குறி லகரத்தின் முன்னே தோன்றுவதால், கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே அது இடையிற் புகுந்துகொள்கின்றது. இத்தகைய ஆவணம் ஒன்றைத் திரைவாசிப்பானிடம் கொடுத்தால், அது ஆங்கிலக் குரலிலே பொருளற்ற ஓசைகளை உதிர்க்கும். கேட்கும் மாணவன் தன் கருவி பழுதடைந்துவிட்டதோ என்று ஐயுறுவான். கருவியிற் பழுதில்லை, உள்ளதை உள்ளபடியே அது வாசித்தது.

பாமினியை உண்டாக்கியவர்களைக் குறைகூறுவதற்கில்லை. தமிழுக்கு வேறு வழி இல்லாதிருந்த காலத்திலே அவர்கள் தமிழைக் கணினியில் தோற்றுவித்தனர். போர்க்காலத்தில் வெளிவந்த எத்தனையோ நூல்களும் இதழ்களும் மலர்களும் அத்தகைய எழுத்துருக்களாலேயே அச்சுக் கண்டன. இன்றும் அச்சகங்கள் அதனை விடாதிருப்பதற்குக் காரணம் உண்டு. பழைய பக்க அமைப்பு மென்பொருள்கள் ஒருங்குறித் தமிழை ஏற்கமாட்டா. விரல்களும் பழகிய விசைகளையே நாடுகின்றன. ஆனால் அச்சகத்தின் நியாயம் அச்சகத்தோடு நிற்க வேண்டும். இணையத்தளத்தில் ஏற்றும் சுற்றுநிருபத்துக்கும், மாணவர்க்கு அனுப்பும் பாடக் குறிப்புக்கும் அந்நியாயம் பொருந்தாது. பாமினித் தட்டச்சு முறையிலேயே விசைகளை அழுத்தி ஒருங்குறியில் எழுதும் வசதியும் இலவசமாகவே கிடைக்கின்றது. பழைய ஆவணங்களை மாற்றித் தரும் கருவிகளும் உள்ளன. பழகிய விரல் பழகியபடியே இருக்கலாம். உள்ளே பதிவாகும் இலக்கம் மட்டும் மாறினாற் போதும்.

பாமினியிலும் பெரிய தடை படம். 2020 மார்ச்சிலே கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியர்கள் தம்மாலானதைச் செய்தனர். கையால் எழுதிய குறிப்புகளைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து வட்ஸ்அப் வழியே அனுப்பினர். பல பிள்ளைகளின் கல்வி அதனால் அறுந்துபோகாமல் நின்றது. அதே குறிப்பு, விழிப்புலனற்ற பிள்ளையின் தொலைபேசியிலும் வந்து இறங்கிற்று. ஆனால் அதன் திரைவாசிப்பான் சொல்லக்கூடியதெல்லாம் “படம்” என்னும் ஒரு சொல்தான். இருபது பக்கம் வந்தால் இருபது முறை “படம்”. வீட்டிலே வாசித்துச் சொல்ல ஒருவர் இருந்தாற் பாடம், இல்லாவிடின் இல்லை. தாய் கூலி வேலைக்குச் சென்றிருக்கும் வீட்டிலே அப்பிள்ளை மாலை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பாடசாலை திறந்த பின்னரும் அந்தப் பழக்கம் விடவில்லை. பரீட்சை நேர அட்டவணை, விண்ணப்ப முடிவுத் திகதி, நீர்வெட்டு, மின்வெட்டு, மருத்துவ முகாம், புயல் எச்சரிக்கை யாவும் வண்ணப் படங்களாக அன்றாடம் வலம் வருகின்றன. கடிதத்தைக் கணினியிலே தட்டச்சிட்டு, அச்சிட்டு, ஒப்பமும் முத்திரையும் இட்டு, மறுபடி அதனை வருடிப் படமாக்கி இணையத்தில் ஏற்றும் வழக்கமும் அலுவலகங்களில் உண்டு. எழுத்தாக இருந்ததை வேலைமெனக்கெட்டு எழுத்தல்லாததாக ஆக்குவது விந்தையான உழைப்பு. முத்திரையிட்ட பிரதி வேண்டுமாயின் அதனையும் ஏற்றலாம். அதன் பக்கத்திலே மூல எழுத்தையும் இட்டுவைப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

பழைய நூல்களின் நிலை வேறு. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழரின் நூல்களையும் இதழ்களையும் படங்களாகச் சேமித்து அழிவினின்றும் காத்து வருகின்றது. எரிந்தும் சிதைந்தும் போன ஏடுகளை எண்ணிப் பார்ப்போர்க்கு அதன் அருமை தெரியும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் வேறொரு வழியில் சென்றது. தன்னார்வலர் பலர் இலக்கியங்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சிட்டுத் தந்தனர். இரண்டும் வேண்டியனவே. ஆனால் பார்வையற்ற ஒருவர் இன்று சங்க இலக்கியத்தைத் தாமே வாசிக்கலாம். ஈழத்து இதழ்களின் பழைய இதழ் ஒன்றை அவ்வளவு எளிதாக வாசித்தல் இயலாது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் மென்பொருள்கள் தமிழுக்கும் வந்துவிட்டன. ஆண்டுதோறும் திருந்தியும் வருகின்றன. எனினும் ரகரத்தையும் கால் என்னும் குறியையும் அவை மயங்குவதுண்டு. எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட ணை, றா, னா முதலியவற்றின் பழைய வடிவங்களிலே தடுக்கி விழுவதுமுண்டு. அச்சுப்பிழை திருத்துவதிலே கைதேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஊர்தோறும் இருக்கின்றனர். இயந்திரம் பிரித்துத் தந்ததை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவதற்கு அவர்களினும் தக்கார் எவர்?

இனி, படமாகவே இருக்க வேண்டிய படங்களும் உள. அவற்றுக்கு உள்ளே சில சொற்களிலே விளக்கம் எழுதி வைக்கும் வசதி இருக்கின்றது. கண்ணுள்ளோர்க்கு அது தெரியாது, திரைவாசிப்பான் அதனை வாசிக்கும். அவ்விளக்கம் எழுதுவதிலே ஆசிரியரின் திறமை வெளிப்படும். புவியியற் பாடத்து வரைபடம் ஒன்றுக்கு “வரைபடம்” என்று எழுதினால் அது விளக்கமன்று. “மகாவலி கங்கை மத்திய மலைநாட்டில் ஊற்றெடுத்துத் திருகோணமலைக்குத் தெற்கே கடலோடு கலப்பதைக் காட்டும் வரைபடம்” என்று எழுதினாற் பிள்ளையின் மனத்திலே நதி ஓடும். அந்தப் படம் ஏன் அங்கே வைக்கப்பட்டது என்பதே விளக்கத்தின் உயிர். காரணமின்றி அலங்காரத்துக்காக வைத்த பூக்கொத்துக்கு விளக்கமே வேண்டாம்.

தலைப்பும் அத்தகையதே. எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கிவிட்டால் கண்ணுக்கு அது தலைப்பு, திரைவாசிப்பானுக்கு அன்று. சொற்செயலியிலே தலைப்பு என்று குறித்து வைத்தாற்றான், கேட்பவர் ஒரு தலைப்பிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்லலாம். அவ்வாறு குறிக்காத நூறு பக்க ஆவணம், பொருளடக்கமும் பக்க எண்ணும் கிழிக்கப்பட்ட நூலுக்கு ஒப்பானது. “சிவப்பில் உள்ள வினாக்கள் கட்டாயமானவை” என்று எழுதுவதும் இடர் தருவதே. கண்ணிலாரை விடுங்கள், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாத பிள்ளை ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்கக்கூடும். வெள்ளைத் தாளிலே வெளிறிய மஞ்சளில் எழுதும் நாகரிகம், வெள்ளெழுத்து வந்த பெரியோர் எல்லோரையும் வருத்தும். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்னும் அளவில் இருத்தல் வேண்டும் என்று இணையத்துக்குரிய உலக வழிகாட்டி கூறுகின்றது. அவ்வழிகாட்டியின் முதற் பதிப்பு 1999இல் வெளிவந்தது. 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் விரிவு பெற்றது.

செவிப்புலனற்றோர்க்கு இடர் மறுபுறமாக நிற்கின்றது. காணொளியிலே ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால், உதட்டசைவைப் பார்த்து விளங்கிக்கொள்ளும் பிள்ளைக்குப் பாடம் அங்கேயே அறுந்துவிடும். கீழே எழுத்துத் தொடர் ஓட வேண்டும். இயலுமாயின் சைகைமொழியும் வேண்டும். கை நடுங்குவோர், விரல் இழந்தோர் சுட்டியைப் பிடிக்கமாட்டார். விசைப்பலகையால் மட்டுமே பக்கத்தைக் கடந்து செல்ல வழி இருத்தல் அவர்க்கு வேண்டும். போரிலே அவயவம் இழந்தோர் பலர் வாழும் நாட்டிலே இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எத்தனை பேருக்காக இந்தப் பாடு என்று கேட்போரும் உளர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையிலே ஐந்து வயதும் அதற்கு மேலும் உடையோரில் நூற்றுக்கு 8.7 பேர் ஏதேனும் ஒரு வகையில் இயலாமையை எதிர்கொள்கின்றனர். தொகையிற் சொன்னால் ஏறத்தாழ 16 இலட்சம். பார்வைக் குறைபாடு மட்டுமே பத்து இலட்சத்தை அண்மிக்கின்றது. இவர்கள் அனைவரும் முழுமையாகக் கண்ணிழந்தவர்கள் அல்லர். ஆனால் சிறிய எழுத்துப் படம் இவர்களில் மிகப் பலருக்கு எட்டாதது. படத்தைப் பெரிதாக்கினால் எழுத்து மங்கும். உண்மை எழுத்தைப் பெரிதாக்கினால் அது தெளிவாகவே இருக்கும். வேறொன்றும் உண்டு. பாமினியிலும் படத்திலும் கிடப்பதைத் தேடுபொறியாலும் செவ்வனே தேட இயலாது. கண்ணிலார்க்கு எட்டாத தமிழ், கண்ணுள்ளோர் தேடும்போதும் அகப்படுவதில்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமையுடையோரின் உரிமைகளைக் காப்பதற்கென இயற்றப்பட்டது. ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் உறுதிப்படுத்திற்று; அதன் ஒன்பதாம் உறுப்புரை கட்டடங்களோடும் வீதிகளோடும் தகவலையும் தொடர்பாடலையும் சேர்த்தே பேசுகின்றது. அச்சு நூலைப் பார்வையற்றோர்க்கேற்ற வடிவில் ஆக்குவதற்குப் பதிப்புரிமை தடையாகாதிருக்க 2013இல் மரகேஷ் நகரிலே உடன்படிக்கை ஒன்று உருவாயிற்று. அதிலும் இலங்கை 2016இல் சேர்ந்துகொண்டது. படிக்கட்டின் பக்கத்திலே சாய்தளம் கட்டாத கட்டடத்தைக் கண்டு இன்று பலர் முகஞ்சுளிக்கின்றனர். படமாக ஏற்றிய சுற்றுநிருபத்தைக் கண்டு எவரும் முகஞ்சுளிப்பதில்லை. அதன் படிக்கட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை.

விழிப்புலனற்ற மாணவர் உயர்தர வகுப்பிலே பெரும்பாலும் கலைப் பிரிவையே தெரிவு செய்கின்றனர். அதனை அவர்தம் விருப்பம் என்று கொள்வோர் உளர். கணிதச் சமன்பாடும் விஞ்ஞான வரிப்படமும் அட்டவணையும் குரலாகத்தக்க வடிவிலே தமிழில் எவ்வளவு கிடைக்கின்றன என்பதைப் பார்த்த பின்னரே அது விருப்பமா, வேறு வாயில் இன்மையா என்று சொல்லலாம்.

இதற்கெனப் புதிய திணைக்களம் ஒன்று வேண்டியதில்லை. ஆவணம் பிறக்கும் மேசையிலேயே வேலை முடிகின்றது. எழுதுவினைஞர் ஒருங்குறியிலே தட்டச்சிட்டால், ஆசிரியர் தலைப்பைத் தலைப்பென்று குறித்தால், படத்துக்கு ஒரு வரி எழுதினால், செலவு சில நிமிடங்கள். அன்று செய்யாமல் விட்டதைப் பத்தாண்டு கழித்துச் செய்யப் புகுந்தால், ஆயிரக்கணக்கான பக்கங்களை மீண்டும் தட்டச்சிட வேண்டிவரும். அதற்குப் பணமும் இராது, ஆளும் இராது.

தம் நிறுவனத்தின் நிலை யாதென அறிய விரும்பும் நேயர்களுக்கு ஒரு சோதனை உண்டு. கைத்தொலைபேசியின் அமைப்புகளுள் அணுகல்தன்மை என்றொரு பகுதி இருக்கின்றது. அங்கே திரைவாசிப்பானை இயக்கித் தமிழ்க் குரலைத் தெரிவு செய்க. நிறுத்தும் வழியை முன்னரே பார்த்து வைத்துக்கொள்வது நன்று. விரல் தொடும் முறை அப்போது மாறிவிடும், முதன்முறை பயன்படுத்துவோர் திணறுவர். பின்னர் கண்ணை மூடிக்கொண்டு, தம் பாடசாலையோ சங்கமோ அலுவலகமோ கடைசியாக வெளியிட்ட அறிவித்தலைத் திறந்து, அது எந்தத் திகதிக்கு உரியது என்பதை மட்டும் காதினாற் கேட்டு அறிய முயல்க.